வேலை கிடைத்த ஊரா, பிள்ளை வளரும் ஊரா?

ஜேர்மனியில் வேறு நகரத்தில் வேலை கிடைத்தால் நம்மவர்கள் கேட்கும் கேள்விகள் மூன்று. சம்பளம் எவ்வளவு? வீட்டு வாடகை எவ்வளவு? "அங்கை எங்கட சனம் இருக்கினமோ?" தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் வருபவரும் இதையேதான் கேட்கிறார்: "அங்க நம்ம ஆளுங்க இருக்காங்களா?" பேச்சுத்தான் வேறு, கவலை ஒன்று.

மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் நாலாவது ஒன்று இருக்கிறது. அந்த ஊரில் நாள் முழுக்க இருக்கப்போவது யார்? வேலைக்குப் போகிறவர் காலை ஏழரைக்குப் புறப்பட்டு மாலை ஆறு மணிக்குத் திரும்புகிறார். வார நாட்களில் ஊரை அவர் பார்ப்பதே ரயில் நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையிலான அந்தப் பத்து நிமிட நடையில்தான். அங்கே உண்மையாக வாழ்வது வீட்டிலிருக்கும் மனைவி அல்லது கணவன். பாலர் பள்ளிக்கோ பாடசாலைக்கோ போகும் பிள்ளை. ஊரைத் தெரிவு செய்யும்போது அவர்களுடைய நாளைத்தான் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் அது கடைசியில்தான் வருகிறது.

தெரிவு செய்ய முடியாமல் வந்தவர்கள்

முதலில் வந்த தலைமுறைக்கு இந்தக் கேள்வியே இருக்கவில்லை. 1980களின் முற்பகுதியில் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயில் ஏறி மேற்கு பேர்லினுக்குள் வந்து அடைக்கலம் கேட்டவர்களை அரசு மாநிலங்களுக்குப் பங்கிட்டு அனுப்பியது. சனத்தொகை கூடிய நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலனுக்குக் கூடுதலானோர் போனார்கள். 1982 முதல் வதிவிடக் கட்டுப்பாடும் வந்தது. வழக்கு முடியும்வரை அனுமதியில்லாமல் தங்கள் மாவட்ட எல்லையைத் தாண்ட முடியாது. பக்கத்து நகரத்தில் இருந்த தமையனைப் பார்க்கப் போவதற்கும் கடிதம் வேண்டும். "எந்த ஊர் வேணும்?" என்று யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

அப்படி அனுப்பப்பட்ட இடங்களில் ஒன்றுதான் ஹம். ரூர் பகுதியின் கிழக்கு ஓரத்தில், நிலக்கரிச் சுரங்கத்துக்கும் ரயில் சந்திக்கும் பெயர்போன ஒரு நகரம். 1989இல் அங்கே ஒரு நிலவறையில் தொடங்கிய காமாட்சி அம்பாள் வழிபாடு, 2002 யூலை 7ஆம் திகதி ஊன்ட்ரொப் தொழிற்பேட்டையில் 17 மீற்றர் உயரக் கோபுரத்துடன் கும்பாபிஷேகம் கண்டது. தேர்த்திருவிழா நாளில் ஐரோப்பா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் சனம் கூடுகிறது. சுற்றிப் பார்த்தால் மின்நிலையமும் கிடங்குகளும். தீர்த்தமாடுவது சரக்குக் கப்பல் போகும் கால்வாயில்.

இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. கோயில் இருந்த ஊருக்குச் சனம் போகவில்லை. சனம் இருந்த ஊருக்குக் கோயில் வந்தது. தமிழாலயங்களும் அப்படித்தான். சனிக்கிழமைகளில் வாடகை வகுப்பறைகளில், சம்பளம் எதிர்பாராத ஆசிரியர்களோடு, ஊர் ஊராக எழும்பின. நாலு குடும்பம் சேர்ந்தால் தமிழ்ச் சூழலை நாங்களே உருவாக்கலாம் என்பதை அந்தத் தலைமுறை செய்து காட்டிவிட்டது.

ஆனால் எந்த நாலு குடும்பமும் சேர்ந்து உருவாக்க முடியாதவையும் உண்டு. மாநிலத்தின் பள்ளிச் சட்டம், கிண்டர்கார்டன் இடம், வாடகைச் சந்தை, பேருந்து ஓடும் நேரம். ஆகவே என் கருத்து இதுதான்: உருவாக்க முடிந்ததைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், உருவாக்க முடியாததைப் பார்த்து ஊரைத் தெரிவு செய்யுங்கள்.

இப்போது தெரிவு நம் கையில்

2000ஆம் ஆண்டு கணினித் துறையினருக்கான பச்சை அட்டை, 2012இல் நீல அட்டை, 2020இல் திறன்சார் தொழிலாளர் குடிவரவுச் சட்டம், 2024 யூனில் வாய்ப்பு அட்டை என்று ஜேர்மனியின் கதவு படிப்படியாகத் திறந்தது. 2024 ஒக்டோபரில் இந்தியர்களுக்கான திறன்சார் விசாக்களை ஆண்டுக்கு 20,000இலிருந்து 90,000 ஆகக் கூட்டுவதாக அன்றைய சான்சலர் ஓலாப் ஷோல்ஸின் டெல்லிப் பயணத்தின்போது அறிவிக்கப்பட்டது. கோயம்புத்தூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வருகிறவர்கள் மியூனிக், ஸ்டுட்கார்ட், பிராங்பேர்ட், பேர்லின் என்று இறங்குகிறார்கள்.

இன்னொரு பக்கம், டோர்ட்முண்டிலும் எசனிலும் பிறந்து வளர்ந்த ஈழத்தமிழர் பிள்ளைகள் படித்து முடித்து அதே தெற்கு நகரங்களுக்கு வேலைக்குப் போகிறார்கள். கோயிலும் தமிழாலயமும் பெற்றோரும் ரூரில், சம்பளம் தெற்கில். இவர்களுக்குச் சட்டமும் தெரியும், டொச்சும் தெரியும். ஆனாலும் முதல் பிள்ளை பிறந்ததும் அவர்களும் அதே கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்.

பத்து வயதில் பிரியும் பாதை

ஜேர்மனியில் பதினாறு மாநிலங்கள். பதினாறு பள்ளி முறைகள். பெரும்பாலான மாநிலங்களில் நாலாம் வகுப்போடு பிள்ளைகளின் பாதை பிரிகிறது. கிம்னாசியம், ரியால்சூல, ஹாவுப்ட்சூல, எல்லோரும் சேர்ந்து படிக்கும் கெசாம்ட்சூல என்று வெவ்வேறு வாசல்கள். பேர்லினிலும் பிராண்டன்பேர்கிலும் இது ஆறாம் வகுப்புக்குப் பிறகுதான். மொழி புதிதாகப் பழகும் பிள்ளைக்கு அந்த இரண்டு வருடம் சின்ன விஷயம் இல்லை.

பயேர்னில் கிம்னாசியத்துக்கு நேரடியாகப் போவதற்கு டொச், கணிதம், சூழலியல் பாடம் மூன்றிலும் சராசரி 2.33 அல்லது அதைவிடச் சிறந்த புள்ளி வேண்டும். கிடைக்காவிட்டால் பரீட்சார்த்த வகுப்பு என்று இன்னொரு வழி உண்டு. நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலனில் ஆசிரியரின் பரிந்துரை வெறும் பரிந்துரைதான். கடைசி முடிவு பெற்றோருடையது. பாடன்-வூர்ட்டம்பேர்கில் 2025/26 கல்வியாண்டிலிருந்து ஆசிரியர் பரிந்துரை, தேர்வு முடிவு, பெற்றோர் விருப்பம் ஆகிய மூன்றில் இரண்டு ஒத்துப்போக வேண்டும்.

எட்டு வயதுப் பிள்ளையோடு சென்னையிலிருந்து வரும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். மியூனிக்கில் இறங்கினால், பிள்ளை டொச்சில் முதல் வசனம் பேசத் தொடங்கி இரண்டு வருடத்துக்குள் டொச் பாடத்துக்கே புள்ளி எடுக்க வேண்டும். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளை வசனக் கணக்கை வாசித்து விளங்கிக்கொள்ள முடியாமல் நிற்கும். அதே குடும்பம் கொலோனிலோ பேர்லினிலோ இறங்கினால் பிள்ளைக்கு மூச்சுவிட இடம் இருக்கும். இதனால் பயேர்ன் கூடாத மாநிலம் என்று ஆகாது. கைக்குழந்தையோடு போகிறவருக்கு அங்கே நிறைய நேரம் இருக்கிறது. பிள்ளையின் வயதைப் பார்த்து மாநிலத்தைப் பாருங்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பத்து வயதில் கிம்னாசியம் கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்ததென்று நம் வீடுகளில் ஒரு சாவீடு நடக்கும். அது தேவையே இல்லை. கெசாம்ட்சூல வழியாகவும், ரியால்சூல முடித்து மேல்நிலைத் தொழிற்பள்ளி வழியாகவும் பல்கலைக்கழகம் போகலாம். நீங்கள் போகும் ஊரில் கெசாம்ட்சூல இருக்கிறதா, அதில் இடம் கிடைக்குமா என்று கேட்டு வையுங்கள். கிம்னாசியத்தின் பெயரை மட்டும் விசாரிப்பது போதாது.

தமிழ் பற்றியும் ஒரு விபரம். நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலன் மாநிலம் அரசுப் பள்ளி முறைக்குள்ளேயே தாய்மொழி வகுப்புகளை நடத்துகிறது. அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. ஆரம்பப் பிரிவில் 15 பிள்ளைகள், அதற்கு மேல் 18 பிள்ளைகள் சேர்ந்தால் வகுப்புக் கேட்கலாம். இறுதியில் எழுதும் மொழிப் பரீட்சையின் புள்ளி சான்றிதழில் ஏறும். தமிழ் வீட்டுக்குள் மட்டும் இருக்க வேண்டிய மொழி இல்லை என்று பிள்ளைக்குக் காட்ட இதைவிட நல்ல வழி வேறென்ன?

சட்டத்தில் இடம், பட்டியலில் காத்திருப்பு

2013 ஓகஸ்ட் 1 முதல் ஒரு வயது முடிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பகல்நேரப் பராமரிப்பு இடம் பெற உரிமை உண்டு. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நடைமுறையில் பல நகரங்களில் காத்திருப்புப் பட்டியல்தான் கிடைக்கிறது. லைப்சிக் நகரத்தில் இடம் கிடைக்காமல் வேலைக்குத் திரும்ப முடியாத மூன்று தாய்மாரின் வழக்கில், நகராட்சியின் பிழையால் இடம் கிடைக்காவிட்டால் இழந்த சம்பளத்தை நட்டஈடாகக் கேட்கலாம் என்று கூட்டாட்சி உயர் நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்பு நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கட்டணமும் ஊருக்கு ஊர் மாறும். பேர்லினில் 2018 முதல் எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் பராமரிப்புக் கட்டணம் இல்லை. ஹம்பேர்கில் நாளுக்கு ஐந்து மணிநேரம் இலவசம். நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலனில் பள்ளிக்கு முந்திய கடைசி இரண்டு வருடங்கள் இலவசம். அதற்கு முன் நகராட்சியும் பெற்றோர் வருமானமும் தீர்மானிக்கும். இரண்டு பேரும் நல்ல சம்பளம் எடுக்கிற வீட்டில் இது மாதத்துக்கு நூற்றுக்கணக்கான யூரோ வித்தியாசம். புதிய வேலையில் கூடக் கிடைக்கிற சம்பளம் கிண்டர்கார்டன் கட்டணத்திலேயே கரைந்துபோகலாம். முடிவெடுக்க முன்னர் இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள்.

ஆரம்பப் பள்ளி பல இடங்களில் மதியத்தோடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு பிள்ளையை யார் பார்ப்பது? 2026 ஓகஸ்டிலிருந்து முதலாம் வகுப்பில் தொடங்கிப் படிப்படியாக எல்லா ஆரம்ப வகுப்புகளுக்கும் முழுநாள் பராமரிப்பு உரிமையாகிறது. ஆனால் கட்டடமும் ஆசிரியரும் எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில் வரப்போவதில்லை. இங்கேதான் அம்மம்மாவின் பெறுமதி தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பதினொரு மணிக்குத் தொலைபேசி வந்தால் அரை மணியில் போய் எடுக்க ஒருவர் இருப்பதற்கு எந்த நிறுவனமும் சம்பளம் கூட்டித் தராது. ரூரிலிருந்து தெற்குக்குப் போகும் இரண்டாம் தலைமுறையினர் இந்தக் கணக்கைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அங்கே அறுபதைத் தாண்டிய பெற்றோரும் தனித்துப் போகிறார்கள். பேரப்பிள்ளை பக்கத்தில் இருப்பது அவர்களுக்கும் மருந்துதான்.

வீட்டிலிருக்கும் மற்றவர்

நீல அட்டை வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ டொச் சான்றிதழ் இல்லாமலே வரலாம். வந்த நாளிலிருந்து வேலையும் செய்யலாம். காகிதத்தில் இது பெரிய சலுகை. ஆனால் சின்ன ஊரில் மொழி தெரியாமல் எந்த வேலை? இந்தியாவில் ஆசிரியையாகவோ தாதியாகவோ இருந்தவருக்குத் தகுதி அங்கீகாரம் வேண்டும். அதற்கான அலுவலகமும் நடைமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மொழி வகுப்பு காலையில் நடக்கும். பிள்ளைக்கு இடம் கிடைக்காவிட்டால் வகுப்புக்குப் போக முடியாது. வகுப்பு இல்லாவிட்டால் மொழி இல்லை. மொழி இல்லாவிட்டால் வேலை இல்லை. பல்கலைக்கழகப் பட்டத்தோடு வந்த எத்தனை பெண்கள் இந்தச் சங்கிலியில் மாட்டி மூன்று நாலு வருடம் வீட்டுக்குள் இருந்திருக்கிறார்கள் என்பது நம் சமூகத்தில் எல்லோருக்கும் தெரியும். சபையில் யாரும் பேசுவதில்லை.

இந்த முதல் வருடத்தில்தான் "எங்கட சனம்" உண்மையில் தேவைப்படுகிறது. தமிழில் வாய்விட்டுக் கதைக்க ஒரு ஆள் வேண்டும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தூரத்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தமிழ்ப் பள்ளியும் கோயிலும் தேவாலயமும் தமிழ்க்கடையும் வாரம் ஒருமுறை. நாற்பது நிமிடம் ரயிலில் போனாலும் தாங்கும். கிண்டர்கார்டன், பாடசாலை, பிள்ளை வைத்தியர், மொழி வகுப்பு ஆகியவை நாளாந்தம். அவை நாற்பது நிமிடம் தள்ளியிருந்தால் ஒரு குளிர்காலத்திலேயே குடும்பம் களைத்துவிடும். நாளும் வேண்டியது கிட்ட இருக்கட்டும். வாரம் வேண்டியது எட்ட இருந்தாலும் பரவாயில்லை.

வாடகையும் ரயிலும்

மியூனிக்கில் புதிதாக வீடு தேடினால் சதுர மீற்றருக்கு 20 யூரோவுக்கு மேல் கேட்கிறார்கள். 80 சதுர மீற்றர் வீட்டுக்கு 1,600 யூரோ. சூடாக்கலும் இதர செலவும் தனி. ரூர் நகரங்கள் பலவற்றில் அதில் பாதியளவில் வீடு எடுக்கலாம். முற்பணமாக மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். வீட்டுக்காரர் அமர்த்திய தரகருக்கு நீங்கள் பணம் கொடுக்கத் தேவையில்லை. ஒப்பந்தத்தில் "இத்தனை வருடம் வெளியேற மாட்டேன்" என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் மூன்று மாத அறிவித்தலோடு வெளியேறலாம். புதிதாக வருகிறவருக்கு அந்தச் சுதந்திரம் முக்கியம். முதல் வீடு கடைசி வீடாக இருக்க வேண்டியதில்லை.

2023 மேயில் 49 யூரோவுக்கு வந்த ஜேர்மனி ரயில் சீட்டு 2025இல் 58 யூரோவாக இருந்தது. ஆனாலும் நகரத்துக்கு வெளியே வாழ்வதை அது சுலபமாக்கியிருக்கிறது. வால்டோர்பில் வேலை செய்கிறவர் வால்டோர்பிலேயே வாழ வேண்டியதில்லை.

கம்பெனியை மட்டும் நம்பி ஊரைத் தெரிவு செய்கிறவர்கள் மக்டபேர்க் கதையை நினைவில் வைத்திருங்கள். 2022இல் இன்டெல் நிறுவனம் அங்கே பெரும் சிப் தொழிற்சாலை கட்டுவதாக அறிவித்தது. 2024இல் ஒத்திவைத்தது. 2025 யூலையில் கைவிட்டது. ஒரே ஒரு முதலாளியை நம்பியிருக்கும் ஊரில் வேலை போனால், பிள்ளையின் பள்ளியும் சேர்ந்தே மாறும். சுற்றுவட்டாரத்தில் இரண்டாவது வேலை கிடைக்கக்கூடிய இடம் குடும்பத்துக்கு ஒரு காப்புறுதி.

தோல் நிறத்தைப் பற்றியும் பேசுவோம்

இதைப் பேசாமல் விட்டால் கட்டுரை நேர்மையாக இராது. 2007 ஓகஸ்டில் சக்சன் மாநிலத்தின் மூகெல்ன் என்ற சிற்றூரில் ஊர்த் திருவிழாவின்போது எட்டு இந்தியர்களை ஒரு கும்பல் தெருவில் துரத்தித் தாக்கியது. 2024 செப்டெம்பரில் தூரிங்கன் மாநிலத் தேர்தலில் குடிவரவுக்கு எதிரான ஏஎப்டி கட்சி முதலிடம் பிடித்தது. ஆனால் கிழக்கு மட்டும்தான் இப்படி என்று சொல்லவும் முடியாது. 1993இல் சோலிங்கனில் துருக்கியக் குடும்பமொன்றின் வீட்டுக்குத் தீ வைத்து ஐந்து பேரைக் கொன்றது நோர்ட்ரைன்-வெஸ்ட்பாலனில்தான். லைப்சிக், ஜெனா, டிரெஸ்டன் போன்ற பல்கலைக்கழக நகரங்களில் நம்மவர்கள் படித்தும் வேலை செய்தும் வாழ்கிறார்கள்.

ஆகவே மாநிலத்தின் பெயரைக் கேட்டுப் பயப்படவும் வேண்டாம், நம்பிவிடவும் வேண்டாம். அந்த வட்டாரத்தை நேரில் பாருங்கள். பாடசாலை விடும் நேரத்தில் வாசலில் நின்றால் எத்தனை நிறப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று தெரியும். இரவு ஒன்பது மணிக்கு உங்கள் மனைவியோ மகளோ ரயில் நிலையத்திலிருந்து வீட்டுக்குத் தனியாக நடந்து வரக்கூடிய தெருவா என்று நடந்தே பாருங்கள்.

போய்ப் பார்க்கும்போது

ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்க முன்னர் ஒரு சனிக்கிழமையும் ஒரு வேலைநாளும் குடும்பத்தோடு அந்த ஊரில் நில்லுங்கள். சனிக்கிழமை சந்தைக்கும் விளையாட்டுத் திடலுக்கும் போங்கள். வேலைநாளில் பள்ளிச் செயலாளரிடம் டொச் தெரியாத பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். இளையோர் நல அலுவலகத்தில் கிண்டர்கார்டன் இடத்துக்கு எத்தனை மாதம் காத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். பயேர்ன் போன்ற மாநிலங்களில் வீட்டு முகவரிதான் ஆரம்பப் பள்ளியைத் தீர்மானிக்கும். ஒரு தெரு தள்ளி வீடெடுத்தால் பள்ளியே மாறும்.

ஊரின் விளையாட்டுக் கழகத்தையும் விசாரியுங்கள். ஜேர்மன் ஊருக்குள் நுழையும் வாசல் 'பெரைன்' எனும் சங்கங்கள்தான். மகன் உதைபந்தாட்டக் குழுவில் சேர்ந்தால், மூன்றாவது போட்டிக்குக் கேக் செய்து கொண்டுபோகச் சொல்லி உங்களுக்கும் முறை வரும். அந்தக் கேக்கோடுதான் பக்கத்து வீட்டுக்காரர் உங்கள் பெயரைக் கேட்பார். பத்து வருடம் ஒரே மாடிப்படியில் 'ஹலோ' மட்டும் சொல்லி வாழ்ந்த குடும்பங்களும் நம்மில் இருக்கின்றன.

பிள்ளைக்கு ஆறு வயதுக்கு மேல் என்றால் பிள்ளையையும் கேளுங்கள். "உனக்கு என்ன தெரியும், பேசாமல் இரு" என்பது நம் வழக்கம். ஆனால் நண்பர்களை விட்டுப் போவதும், புது வகுப்பில் தனியே உட்காருவதும் அந்தப் பிள்ளைதான். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும். கேட்டுவிட்டு எடுத்த முடிவைப் பிள்ளை தாங்கிக்கொள்ளும்.

சம்பளம் இன்னொரு ஊரிலும் கிடைக்கும். கோயில் இல்லாவிட்டால் ரயிலேறிப் போகலாம்; தமிழ்ப் பள்ளி இல்லாவிட்டால் நாலு வீடு சேர்ந்து ஒரு மேசையில் தொடங்கலாம். பிள்ளையின் ஐந்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரையிலான காலம் மட்டும் ஒரேயொரு தடவைதான் வரும். "நீங்கள் எவடம்?" என்று கேட்டால் எங்களுக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மதுரை, தஞ்சாவூர் என்று ஒரு பதில் இருக்கிறது. நம் பிள்ளைகள் சொல்லப்போவது நாங்கள் இன்றைக்குத் தெரிவு செய்யும் ஊரின் பெயரை. அதைத் தயங்காமல், தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய ஊராகப் பார்த்துப் போவோம்.